இருப்புப்பாதையும் நம்மவரும்

தேக்காச் சந்தையின் அருகே, நிலத்தின் அடியில், ஒரு புகைவண்டி நிலையம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் வடகிழக்குத் தடத்தோடு திறக்கப்பெற்ற அந்நிலையத்திற்கு லிட்டில் இந்தியா என்று பெயர். நம் தாய்மார் வாயிலில் இடும் மாக்கோலத்தின் மரபைத் தழுவி, சிங்கப்பூர்ச் சித்திரக்காரர் எஸ். சந்திரசேகரன் ஆக்கிய உருவங்கள் அங்கே அமைந்துள்ளன. ஒரு கையில் காய்கறிப் பையும் மறு கையில் பூப்பொட்டலமுமாக விரையும் நாம் அவற்றை நின்று பார்ப்பது அரிது. ஆயினும், புகைவண்டி நிலையத்தில் நம் வீட்டு வாசற்கோலம் இடம்பெற்றது சிறு செய்தியன்று. புகைவண்டியோடு நமக்குள்ள உறவு ஒரு நூற்றாண்டிற்கு மேற்பட்டது. அவ்வுறவில் வியர்வையும் உண்டு, குருதியும் உண்டு.

இந்நகரில் பழைய இருப்புப்பாதையின் நினைவு இப்பொழுது பெருமையோடு போற்றப்படுகிறது. பாதை சென்ற தடத்தில் மக்கள் உலாவுகின்றனர். இளைஞர் பாலத் தூண்களில் வண்ணம் தீட்டுகின்றனர். பழைய நிலையமொன்று காட்சிக் கூடமாகியுள்ளது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். வரவேற்கும்போதே ஒரு கேள்வியையும் எழுப்ப வேண்டியவராயிருக்கிறோம். இக்கொண்டாட்டத்தில், பாதையை இட்டவனுக்கும் அதைக் காத்தவனுக்கும் அளிக்கப்படும் இடம் எது? அதற்கு விடை காணச் சரித்திரத்தைச் சற்றே புரட்டுவோம்.

முதற் பாதை

தேக்கா முனையில் தொடங்கும் புக்கித் தீமா சாலையில் கால்வாயோரமாக நடந்து சென்றால் நியூட்டன் வந்துவிடும். இன்று அங்கே மாலைதோறும் உணவுக் கடைகளின் புகை எழுகிறது. ஒரு காலத்தில் அங்கே எழுந்தது புகைவண்டியின் புகை. சிங்கப்பூர் சர்க்கார் 1900ஆம் ஆண்டில் வேலை தொடங்கிய இருப்புப்பாதை, 1903ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் டேங்க் ரோட்டிலிருந்து புக்கித் தீமா வரையிலும், அவ்வாண்டு ஏப்ரலில் உட்லண்ட்ஸ் வரையிலும் திறக்கப்பட்டது. அப்பாதையில் நியூட்டன் ஒரு நிலையம். ஆர்ச்சர்ட் சாலையை வண்டி ஒரு பாலத்தின்மீது கடந்து சென்றது. நகரத்தார் 1859இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இருக்கும் டேங்க் ரோட்டில்தான் பாதையின் தலைநிலையம் அமைந்திருந்தது. வட்டிக் கடைக்காரரும் கூலியாளும் ஒரே மேடையில்தான் இறங்கினர். அவர்கள் ஏறி வந்த வகுப்புத்தான் வேறு.

உட்லண்ட்ஸில் பாதை கடலோடு முடிந்தது. அப்பால் ஜொகூருக்குச் செல்லப் படகே துணை. 1909இல் ஜொகூர் நாட்டின் ஊடே இருப்புப்பாதை முற்றுப்பெற்றபோது, வடக்கே பிறை முதல் தெற்கே ஜொகூர் பாரு வரை ஒரே தொடர் உண்டாயிற்று. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிங்கப்பூர்ப் பாதையும் கூட்டு மலாய் நாடுகளின் ரயில்வேக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டது. எஞ்சியிருந்த நீரிணையையும் கல்லால் தூர்த்துக் கடற்பாலம் அமைத்தனர். 1923ஆம் ஆண்டு செப்டம்பரில் சரக்கு வண்டிகளும், அக்டோபர் முதல் நாள் பிரயாணி வண்டிகளும் அதன்மீது ஓடின. 1924 ஜூன் மாதத்தில் திறப்பு விழா சிறப்பாக நடந்தேறியது. அதுமுதல், தேக்காவில் வாங்கிய மிளகாய்த் தூளும் தைத்த சட்டையும் தோட்டத்து உறவினருக்குப் போய்ச் சேர ஓரிரவுப் பயணமே போதுமானதாயிற்று.

ஒரே அகலம்

இவ்விடத்தில் நேயர்கள் ஒன்றைக் கருத வேண்டும். மலாய் நாட்டு இருப்புப்பாதையின் அகலம் ஒரு மீட்டர். தென்னிந்திய ரயில்வே தஞ்சை, நாகப்பட்டினம் பகுதிகளில் இட்டிருந்த பாதையின் அகலமும் அதுவே. திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்ட நம் முன்னோர், ஒரு மீட்டர்ப் பாதையில் ஏறி நாகப்பட்டினம் துறைமுகத்தில் இறங்கினர். கப்பலில் ஒரு வாரம் அலைப்புண்டனர். மீண்டும் அதே அகலமுள்ள ஒரு பாதையில் ஏறித் தோட்டத்திற்குச் சென்றனர். நாடு மாறியது, மொழி மாறியது, எசமானன் மாறினான். தண்டவாளத்தின் அகலம் மட்டும் மாறவில்லை. ஒரே பேரரசு இரு கரைகளிலும் இட்ட பாதை, ஒரு கரையில் ஆளை அள்ளி மறு கரையில் ரப்பரையும் ஈயத்தையும் அள்ளியது.

அப்பாதைகளை இட்டதிலும் நம்மவர் பங்கு தொடக்கத்திலிருந்தே உண்டு. மலாய் நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, ஏறக்குறைய எட்டு மைல் தூரத்திற்குத் திறக்கப்பட்டது. அதற்காக இலங்கையிலிருந்து பயனியர் படைப் பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். பின்னர் பாதை நீள நீள, யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்றோர் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் வந்தமர்ந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழை மக்கள் மண் வெட்டவும், ஜல்லி கொட்டவும், சிலிப்பர் கட்டை சுமக்கவும் அமர்த்தப்பட்டனர். மொழி ஒன்றாயிருந்தும் இவ்விரு சாராரும் ஒரே பந்தியில் அமர்ந்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். கடல் கடந்தும் சாதியையும் உத்தியோகத்தையும் நாம் கரையில் விட்டு வரவில்லை.

பாதை காக்கும் வேலையைப் பற்றி இக்கால இளைஞர் அறிந்திருக்க வழியில்லை. வெயிலில் இரும்பு நீளும், குளிர்ச்சியில் சுருங்கும். அதற்கென்றே இரண்டு தண்டவாளத்திற்கு நடுவே இடைவெளி விட்டிருப்பர். மழை மிகுந்த இந்நாட்டில் மரக்கட்டைகள் விரைவில் உளுத்துப் போகும். ஜல்லியின் அடியில் மண் கரையும். ஒரு பக்கம் தாழ்ந்தால் வண்டி கவிழும். ஆகவே நாள்தோறும் ஒரு கூட்டம் பாதை நெடுக நடந்து, ஆணியைத் தட்டிப் பார்த்து, தளர்ந்ததை முறுக்கி, தாழ்ந்ததைக் கடப்பாரையால் நெம்பி, ஜல்லியை இறுக அடித்துச் செல்லும். அக்கூட்டத்தைத்தான் கேங்கு என்றும், அதன் தலைவனை மண்டோர் என்றும் நம்மவர் வழங்கினர். ஓடுகின்ற வண்டியில் உறங்குகின்ற பிரயாணி இவர்களுடைய முகத்தைக் கண்டதில்லை. அவன் உறங்கியதே இவர்கள் செய்த வேலைக்குச் சான்று.

1932: ஒரே ஆண்டில் இரண்டு கட்டடங்கள்

நகரின் நடுவே சாலைகளைக் குறுக்கிட்ட பழைய பாதை இடையூறாயிருந்தமையால், புக்கித் தீமாவிலிருந்து மேற்கே வளைந்து துறைமுகத்தை அடையும் புதிய பாதை அமைக்கப்பட்டது. அதன் முடிவில் தஞ்சோங் பகார் நிலையம் எழுந்தது. 1932ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் கவர்னர் சர் செசில் கிளெமெண்டி அதனைத் திறந்து வைத்தார். அன்றோடு டேங்க் ரோட்டு நிலையத்தின் காலமும் நியூட்டன் வழிப் பாதையின் காலமும் முடிந்தன.

புதிய நிலையத்தின் முகப்பில் நான்கு வெண்சலவைக்கல் உருவங்கள் நிற்கின்றன. உழவு, தொழில், வாணிகம், போக்குவரத்து என்னும் நான்கையும் குறிக்கும் அவை, இத்தாலியச் சிற்பியொருவரால் உருவாக்கப்பட்டவை. உள்ளே உயர்ந்த கூடத்தின் சுவர்களில் பெருஞ்சித்திரங்கள் உள்ளன. நெல் நடுதல், பால்மரம் சீவுதல், ஈயம் எடுத்தல், கப்பலில் சரக்கேற்றல், மாட்டு வண்டி ஓட்டுதல் முதலிய தொழில்களை அவை காட்டுகின்றன. அச்சித்திரங்கள் ரப்பர் ஓடுகளால் ஆனவை. தோட்டத்து மக்கள் விடியற்காலையில் கொசுக்கடியில் இறக்கிய பாலிலிருந்து பிறந்த பொருளே, அவர்களுடைய தொழிலைக் காட்டும் படமாகச் சுவரில் ஏறிற்று.

அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை நினைவிற் கொள்வோம். உலகெங்கும் வாணிகம் சரிந்து, ரப்பர் விலை படுத்துவிட்ட காலம் அது. தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்தது. மலாய் நாட்டிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சுவரில் மரம் சீவுபவனின் படம் பதிக்கப்பட்ட நாளில், மரம் சீவியவன் மூட்டை முடிச்சோடு துறைமுகத்தில் நின்றான். படத்திற்குக் கிடைத்த நிலையான இடம் ஆளுக்குக் கிடைக்கவில்லை.

அதே 1932ஆம் ஆண்டில், அதே புதிய பாதையின் ஓரத்தில், இன்னொரு சிறு கட்டடமும் தோன்றியது. குவீன்ஸ்வே பக்கத்தில் தண்டவாளத்தருகே வாழ்ந்த இந்திய ரயில்வே தொழிலாளர், தம் ஊர்க் காவல் தெய்வமான முனீசுவரனுக்கு ஒரு குடிசைக் கோயில் எழுப்பினர். அதற்குக் கவர்னர் வரவில்லை, சலவைக்கல் வரவில்லை, இத்தாலியச் சிற்பியும் வரவில்லை. பின்னர்ச் சாலை விரிவுக்காக இடம் விட நேர்ந்து, 1998இல் காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக அது குடிபுகுந்தது.

கோயில் கட்டுவதினும் பள்ளிக்கூடம் கட்டுவது மேல் என்பது நம் பத்திரிகையின் நேயர் பலரது கருத்தாயிருக்கலாம். அவ்வழக்கை இங்கே நாம் எடுக்கவில்லை. இவ்விரண்டு கட்டடங்களையும் வரலாற்றுக் கண்கொண்டு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். நிலையத்துச் சுவரில் தொழிலாளியைப் பிறர் வரைந்தனர். குவீன்ஸ்வேயில் தொழிலாளி தானே ஒன்றை ஆக்கினான். முன்னதில் பாதை இட்டவனின் உருவமே இல்லை. நெல்லும் ரப்பரும் ஈயமும் உண்டு, அவற்றைச் சுமந்து வந்த தண்டவாளத்தை இட்ட கை இல்லை. பின்னதில் அவனுடைய நாட்டுப்புறத்து உடுக்கையும் பறையும் பொங்கலும் அவனோடு வந்தன. ஊர்க் கலை என்று இன்று எதனைப் போற்றுகிறோமோ, அதனை எவருடைய உதவியுமின்றி அவன் அன்றே நடத்தினான்.

சயாம் பாதை

இவ்வரலாற்றில் மிகக் கொடிய பகுதி இனிமேல்தான் வருகிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை ஒன்றை அவர்கள் அவ்வாண்டில் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தனர். சிங்கப்பூரில் சிறைப்பட்ட போர்க் கைதிகள் இங்குள்ள நிலையத்திலிருந்தே இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வடக்கே கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு அவ்வேலைக்கு அனுப்பப்பட்டன. தண்டவாளத்தோடு தண்டவாளமாக மனிதரும் அனுப்பப்பட்டனர். நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பின்னர் வலிந்து பிடித்தும், தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் லாரிகளிலும் ரயில்களிலும் ஏற்றப்பட்டனர்.

அங்கே காலராவும் வயிற்றுப்போக்கும் மலேரியாவும் பசியும் அவர்களைத் தின்றன. போர்க் கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோரும், ஆசியத் தொழிலாளரில் ஏறக்குறைய 90,000 பேரும் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. காஞ்சனபுரியிலுள்ள போர் வீரர் இடுகாட்டில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பெயர் அறியப்பட்ட ஒவ்வொரு வீரனுக்கும் பெயரும் படையும் வயதும் பொறித்த ஒரு தகடு உண்டு. தோட்டத்துத் தமிழனுக்கு ஆளுக்கொரு கல் இல்லை. காட்டில் குழி வெட்டிக் கூட்டமாகப் புதைக்கப்பட்டவனுக்கு எவர் கல் நடுவார்?

போர்க் கைதிகளிடையே சித்திரக்காரர் சிலர் இருந்தனர். ரொனால்ட் சேர்ல், ஜாக் சாக்கர் போன்றோர் கிடைத்த துண்டுக் காகிதங்களில் முகாம் வாழ்க்கையை மறைவாக வரைந்து, மறைவாகவே காத்து வைத்தனர். அப்படங்களால் உலகம் அக்கொடுமையைக் கண்டது. நம்மவரிடம் காகிதமில்லை, பெரும்பாலோருக்கு எழுத்துமில்லை. அவர்களிடம் இருந்தவை நினைவும் ஒப்பாரியும் மட்டுமே. திரும்பி வந்தோர் லயத்து வாசலில் அமர்ந்து பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளே பின்னாளில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற புதினங்களுக்கு உரமாயின. அண்மைக் காலத்தில் மலேசியத் தமிழர் முயற்சியால் காஞ்சனபுரியில் ஒரு நடுகல்லும் எழுந்தது. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும் கல் நட்டு, அவன் பெயரை எழுதி வைத்த இனம் நம்முடையது. தண்டவாளம் இட்டு மாண்டவனுக்குக் கல் நட எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம்!

வண்டி நின்ற பிறகு

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் இப்ராகிம் அதனை ஓட்டிச் சென்றார். கடற்பாலம் கட்டப்பட்ட காலத்தில் ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராகிமின் கொள்ளுப்பேரர் அவர். மறுநாள் முதல் உட்லண்ட்ஸே மலாயன் ரயில்வேயின் எல்லையாயிற்று. தஞ்சோங் பகார் நிலையம் அவ்வாண்டிலேயே தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டபின் எஞ்சிய 24 கிலோமீட்டர்த் தடம் பசும்பாதையாகப் பொதுமக்களுக்கு விடப்பட்டது. அதனை வீடுகளும் கடைகளும் விழுங்காமல் காக்க வேண்டுமென்று இயற்கை ஆர்வலர் 2010ஆம் ஆண்டிலேயே வேண்டிக்கொண்டதை இங்கே நன்றியோடு குறிக்கிறோம்.

இன்று அத்தடத்தில் புவன விஸ்தா அருகே மேம்பாலத்தின் அடியில் இளைஞர் வண்ணம் தீட்டிய சுவரோவியங்களைக் காணலாம். இரண்டு பழைய இரும்புப் பாலங்கள் போற்றிக் காக்கப்படுகின்றன. புக்கித் தீமா நிலையம் 2022இல் காட்சிக் கூடமாகத் திறக்கப்பட்டது. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதாதிருக்க, வளையத்தில் கோத்த ஓர் அடையாளச் சாவியை நிலையத்தார் ஓட்டுநரிடம் கைமாற்றுவர். அச்சாவி கையிலிருந்தாலன்றி எந்த வண்டியும் முன்னே செல்லலாகாது. 2011 வரை அந்நிலையத்தில் அவ்வழக்கம் நடைபெற்றது. ஓடும் வண்டியிலிருந்து கை நீட்டி வளையத்தைப் பற்றும் காட்சியைப் படம் பிடிக்காத படக்காரர் அந்நாளில் இல்லை எனலாம்.

நாம் கோருவது ஒன்றே. கைமாறிய சாவியை நினைப்பது போல், அதைக் கைமாற்றியவனையும் நினைக்க வேண்டும். இரும்புப் பாலத்தைக் காப்பது போல், அதனடியில் ஜல்லி அடித்தவனின் பெயரையும் காக்க வேண்டும். இதைச் சர்க்கார் ஒன்றே செய்து முடிக்க இயலாது. கல்லையும் கட்டடத்தையும் சர்க்கார் காக்கும். தாத்தாவின் பெயரைப் பேரன்தான் காக்க வேண்டும்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் முதியோர் நினைவுகளைப் பதிந்து வருகிறது. அவ்வேலையை ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தன் வீட்டில் செய்யலாம். ரயில்வேயில் உழைத்தவர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தாரா? தாத்தாவோ பெரியப்பாவோ எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கேங்கில் இருந்தார், எந்த நிலையத்தருகே குடியிருந்தார் என்பதைப் பாட்டியின் வாயிலிருந்து கேட்டு எழுதுங்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் பெயரை முதலில் எழுதுங்கள். தோட்டத்திலிருந்து நகரத்திற்குப் பெயர்ந்துவிட்ட குடும்பங்கள், தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய கூலிச் சீட்டையும் நிழற்படத்தையும் குப்பையில் எறியாதிருங்கள்.

எழுதியதைப் பெட்டியில் பூட்டி வைக்கவும் வேண்டா. நம் சங்கங்கள் ஆண்டு விழாவில் மேடையேற்றும் நாடகங்களில் ஒன்றேனும் கேங்கு மக்களின் கதையாகட்டும். வில்லுப்பாட்டுக்குப் பொருள் தேடும் புலவர், நாகப்பட்டினத்திலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஒரு மீட்டர்ப் பாதையில் வந்தவனைப் பாடட்டும். தமிழ் வகுப்பு ஆசிரியர், மாணவரைப் பசும்பாதைக்கு அழைத்துச் சென்று, அங்கு இல்லாத ஒருவனை வரையச் சொல்லட்டும். தேக்காவின் சுவர்களில் ஆண்டுதோறும் வண்ணம் ஏறுகிறது. ஒரு சுவரில் கடப்பாரை பிடித்த கையும் ஏறட்டும், அதன் கீழே மெய்யான சில பெயர்களும் ஏறட்டும்.

தேக்கா நிலையத்தில் அடுத்த முறை இறங்கும்போது ஒரு கணம் நில்லுங்கள். அங்கே மாக்கோல மரபைக் கல்லிலும் உலோகத்திலும் நிலைநிறுத்தியுள்ளனர். வாசற்கோலம் மாலைக்குள் அழிந்துவிடும். மறுநாள் விடியலில் வீட்டுக்காரி மீண்டும் இடுவாள். நினைவும் அத்தன்மையதே. முன்னோர் இட்ட கோடு அழிந்து வருகிறது. மீண்டும் இடவேண்டிய முறை நம்முடையது.